நிகிலின் காரில் நான் பெல்ட் மாட்டிய விவரம்

சரோஜினி நகர், புது தில்லி
புதன்கிழமை, நவம்பர் 2003

மன்னார்குடி மச்சான் கலியமூர்த்தி அவர்களுக்கு, ஜோதிலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் தங்கை ராஜம், பிள்ளை நிகில், நான் மூவரும் இன்று வரை நலம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்படி என்று சொல்வதற்கில்லை. அங்கு எல்லோரும் நலமாக இருக்க ராஜகோபாலசாமி அருள் புரியட்டும்.

குர்காவ்னில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் உங்கள் மருமகன் நிகில் போன மாதம் ஒரு பழைய கார் வாங்கினான். குடும்பத்துக்குத்தான் என்று நினைத்து ராஜம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினாள். மறுநாளே பின் சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டுவிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது அதில்தான் உட்காருகிறார்கள். கேட்டால், இது ரேஸ் ஓட்டுகிற காராம். ஹரியானா பக்கம் ஒருவர் தன் நிலத்தில் வட்டமாகத் தார் போட்டு வைத்திருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை அங்கே போட்டியாம். ஒரே பிள்ளை மச்சான். நான் விட மாட்டேன் என்றேன். ராஜம்தான், பெல்ட்டெல்லாம் ஒழுங்காகப் பொருத்தி அப்பா பார்த்துச் சரி என்றால் போகலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவனும் வெளிநாட்டிலிருந்து பட்டை பட்டையாக பெல்ட் வரவழைத்தான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவில் ஒன்று. இதை மாட்டக் காரின் தரையில் ஓட்டை போட வேண்டும் என்றான். அங்கேதான் வந்தது வினை. இது சர்க்கார் குவார்ட்டர்ஸ், ரிட்டயரானால் இருந்தது இருந்தபடி ஒப்படைக்க வேண்டும் என்று நான் இத்தனை வருஷத்தில் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. முருகன் படம்கூட ஜன்னல் கம்பியில் சணலில்தான் தொங்குகிறது. அப்படிப்பட்டவன் நல்ல காரைத் துளைக்கச் சம்மதிப்பேனா? எனக்கு லீவான ஒரு நாள், அவன் ஆபீஸ் போன நேரம் பார்த்து நானே இறங்கினேன். பின் சீட் இருந்த இடத்தில் தரையில் போல்ட்டுகள் சும்மாதானே கிடக்கின்றன? தோள் பெல்ட், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டி, ஊருக்கு வரும்போது பெட்டியை பெர்த்தோடு சங்கிலி போட்டுப் பூட்டுவேனே, அதே மாதிரி இறுக்கினேன். ஓட்டையே கிடையாது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. சரிபார்ப்போம் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பூட்டினேன். பூட்டத் தெரிஞ்சுது, திறக்கத் தெரியலை. தோள் ரெண்டும் கீழே அமுங்கி, கழுத்து உள்ளே போய், மூச்சு பாதிதான் வருது. உறைமோர் கேட்க வந்த மேல் வீட்டுக் காமாக்ஷி மாமி பார்த்துட்டு பிளாக்கையே கூப்பிட்டுட்டாங்க. சப்ஜி விக்கிற பையா காய்கறி வண்டியை ஓரங்கட்டிட்டு, அங்கிள்ஜியை யார் கட்டிப்போட்டதுன்னு விசாரிக்கிறான். ராஜம் கத்தரிக்கோலோட வந்தா. வெளிநாட்டு பெல்ட், கை வைக்காதேன்னு நான்தான் தடுத்தேன். ஸ்பூன்ல உப்புமா ஊட்டினா, ஊரே பார்க்க அதையும் சாப்பிட்டேன். சாயங்காலம் நிகில் வந்து பெல்ட்டெல்லாம் வந்து சேர்ற நடு வட்டத்தை லேசாத் திருப்பினான், எல்லாம் கழண்டு விழுந்துச்சு.

அவன் கத்தியிருந்தாத் தேவலை. பக்கத்துல உட்கார்ந்து என் தோளை நீவிவிட்டுட்டு, அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல மெதுவாச் சொன்னான். "அப்பா, தோள் பெல்ட் நேராப் பின்னாடி போகணும். இப்படித் தரைக்கு இழுத்துக் கட்டினா, இடிக்கும்போது முதுகுல நீளமா ஒரு எலும்பு இருக்கே, அது மேலேருந்து நசுங்கிடும்." பெத்தவன் நானே என் கையால செய்யப் பார்த்தேன் மச்சான். அன்னைக்குச் சோறு இறங்கலை.

மறுநாள் நானே லீவு போட்டுட்டு அவன்கூட வெல்டிங் கடைக்குப் போனேன். சீட்டுக்குப் பின்னாடி தோள் உயரத்துக்குக் குறுக்கே கனமான இரும்புக் குழாய், தோள் பெல்ட் அதுல. இடுப்பு பெல்ட்டுக்குத் தரையில ஓட்டை. கடைக்காரன் வெறும் வாஷர் வெச்சு முடுக்கினதை நான் ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன், தகரம் பொரிக்காத அப்பளம் மாதிரி வளையுது. விடுவேனா? அடியில உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வெச்சேன். ஓட்டை போடப் போட எனக்குப் பல்லு கூசிச்சு, இருந்தாலும் நின்னேன். இடுப்பு பெல்ட் வயித்து மேல ஏறாம இடுப்பெலும்புல படியணும்னுதான் அந்தக் கால் நடு பெல்ட்டாம். அதையும் வீட்டுக்கு வந்ததும், காமாக்ஷி மாமி பால்கனியிலேருந்து பார்க்கப் பார்க்க, நானே உட்கார்ந்து சரிபார்த்தேன்.

இப்போது எல்லாம் சரி. சரி என்று என் வாயாலேயே சொல்லியும் விட்டேன். அதுதான் பயம். ஒரு மனுஷனை இத்தனை இடத்தில் கட்ட வேண்டுமென்றால் அவன் எந்த வேகத்தில் போவான்? போனில் பேசினால் ராஜம் காதில் விழும், அவள் இப்போது பிள்ளை கட்சி. ஆகவே இதைக் கொரியரில் அனுப்புகிறேன். கிடைத்தவுடன் நிகிலைக் கூப்பிட்டு, போகவே கூடாது என்று தாய்மாமன் முறையில் கண்டித்துச் சொல்லவும். நீங்கள் சொன்னால்தான் கேட்பான்.

உங்கள் வீட்டில் தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, முடிந்தவரை நடந்தே போய்வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிம்மதி கெட்ட
ஜோதிலிங்கம்

பி.கு.: கொரியர் கடைக்காரர் ஏதோ கல்யாணம் என்று பூட்டிக்கொண்டு போய்விட்டதால் கடிதம் என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. இன்று திங்கள். போட்டி முடிந்துவிட்டது. நானும் போயிருந்தேன். நிகில் கடைசி. என்னால தாங்க முடியலை மச்சான். தலை நரைச்ச ஆளெல்லாம் அவனை முந்திட்டுப் போறான். வேலியைப் பிடிச்சுக்கிட்டு ஜல்தி, ஜல்தின்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்தினேன். இத்தனை பெல்ட் இருக்கும்போது என்னடா பயம்னு திரும்பி வர்றப்போ கேட்டேன். அவன் சொன்னான். "எனக்கு பயம் இல்லப்பா. ஒவ்வொரு ரவுண்டும் வேலிகிட்ட உங்க முகம் தெரிஞ்சுது. கால் தானா பிரேக்குக்குப் போயிடுச்சு." ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைக்க வேண்டாம், அவனைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லவும் வேண்டாம். அடுத்த மாதம் மறுபடி போட்டி இருக்கிறது. நானும் போகிறேன். டிராக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதாக அவனிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.