மூணு கோட்டு சாக்லேட்

இந்தக் கேக்கு கடையில வாங்கினதா இருக்கும்னு சொல்றியே, ஏம்மா, பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? எங்க மாப்பிள்ளை கையால பண்ணது. ஆமா, பெயிண்டர்தான். ஊர்ச் சுவரெல்லாம் அடிச்சு அடிச்சு நகக்கண்ணுல நீலம் ஒட்டிக்கிடக்கே, அதே கைதான். நேத்துதான் மாடிக்குக் குடி வந்தவ நீ, உனக்கு எங்க தெரியப்போகுது. உக்காரு, சொல்றேன்.

மனுஷன் அதுவரைக்கும் சமையலறைக்குள்ள தண்ணி குடிக்கத்தான் போவார். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து உக்காந்தவர் முன்னாடி எம்பொண்ணு ஒரு துண்டு கேக்கை வச்சா. சாக்லேட்டு. கடிச்சா உள்ளேர்ந்து ஆரஞ்சு வாசம் குப்புனு ஏறுது. கண்ணை மூடிக்கிட்டு மென்னுட்டிருந்தார்.

"எதிர்வீட்டுப் பல் டாக்டர் பண்ணதுங்க."

மெல்றது நின்னுபோச்சு.

"அவனா பண்ணான்?"

"அவரேதான். வீட்டம்மாவுக்கு வாராவாரம் பண்ணிக் கொடுக்கிறாராம். கேக்கக் கேக்க எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"பல்லைப் புடுங்கறவன் இனிப்பு பண்றான்னா அது வியாபாரம்டி. நீ ஏன் கலங்குற?"

"கலங்குறதுக்கும் ஒரு குடுப்பினை வேணுமில்ல," ன்னுட்டு தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பாதித் துண்டு இன்னும் அதுலதான் இருந்துச்சு.

மனுஷனுக்கு அன்னைக்குச் சாப்பாடு எறங்கல. டாக்டர் சிரிச்சா பொறாமை. டாக்டர் காரைத் தொடைச்சா பொறாமை. டாக்டர் தும்மினாக்கூட, 'எவ்வளவு பாந்தமா தும்முறான் பாரு'ன்னு பல்லைக் கடிச்சார். பல்லு போனா அவன்கிட்டயேதான் போகணும்னு நெனப்பு வரவும் கடிக்கிறதையும் நிறுத்திட்டார்.

எங்க நாத்தனார் வீட்டுக்காரரும் இப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன் நீச்சல் அடிக்கிறான்னு இவரும் குளத்துல குதிச்சார். குதிச்ச பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாதுங்கற ஞாபகமே வந்துச்சு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான் இழுத்துக் கரையில போட்டான். அந்தக் கோபத்துல ஆயுசு பூரா அவன்கூடப் பேசல. சரி, அது கெடக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை காலையில மாப்பிள்ளை என்கிட்ட வந்து, "இன்னைக்குக் கேக் பண்றேன் அத்தை. டாக்டரைவிட நீங்கதான் ஒசத்தின்னு அவ வாயாலயே சொல்ல வைக்கிறேன், பாருங்க" ன்னார்.

ஆரஞ்சுத் தோலைத் துருவணும். மாப்பிள்ளை வேலைப் பையிலேர்ந்து உப்புத்தாளை எடுத்தார். சுவரு தேய்க்கறாங்களே, அது.

"துருவி அங்க இருக்குங்க."

"இது புதுசுடி. பிரிக்கவே இல்ல."

"டாக்டர் துருவியிலதான் துருவுவாராம்."

உப்புத்தாள் பைக்குள்ள போயிடுச்சு.

மாவு, கோக்கோ, முட்டை எல்லாம் போட்டு அடிச்சார். கலவை கெட்டியா நின்னுச்சு. பெயிண்ட் கெட்டியா இருந்தா பெயிண்டர் என்ன பண்ணுவார்? தின்னர் ஊத்துவார். இவர் ஆரஞ்சுச் சாறை ஊத்தினார், ஒண்ணே ஒண்ணை மிச்சம் வச்சுட்டு வீட்ல இருந்த பழம் அத்தனையும் பிழிஞ்சு. "இப்பத்தான் பிரஷ் ஓடும்," னு சந்தோஷம் வேற.

ஓவன்லேர்ந்து வெளிய எடுத்தா நடுவுல குழி. பூனைக்குட்டி படுத்துத் தூங்கலாம்.

வேற யாரா இருந்தாலும் தலையில கை வச்சிருப்பாங்க. பெயிண்டருக்குக் குழியெல்லாம் ஒரு விஷயமா? சாக்லேட்டை உருக்கினார். சுவத்துப் பள்ளத்தை அடைச்சுப் பட்டி பாக்கற தகடு புதுசா ஒண்ணு பிரிச்சார். குழியை அடைச்சு, வழிச்சு, ஃபேனுக்கு அடியில காய வச்சார். புறங்கையால தொட்டுப் பாத்து ரெண்டாவது கோட்டு. மறுபடி ஃபேன். மூணாவது கோட்டு. அது மேல ஆரஞ்சுச் சுளை. முகம் பாத்துத் தலை வாரிக்கலாம், அப்படி ஒரு வழவழப்பு. சாறு குடிச்ச கேக்கு, மேல அத்தனை சாக்லேட்டு, ருசி எங்க போகும்?

எம்பொண்ணு ஒரு வாய் தின்னா. மாப்பிள்ளை அவ வாயையே பாத்துட்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"டாக்டரோடதைவிடவா?"

"அதை அவங்க வீட்லதான் கேக்கணும்."

தட்டோட கெளம்பிட்டார். பின்னாடியே எம்பொண்ணு. சாட்சிக்கு நான். அங்க போனா, டாக்டர் ஸ்டூல் மேல நின்னு ஜன்னல் கண்ணாடி தொடைச்சிட்டிருக்கார்.

"டாக்டர், இதைத் தின்னுட்டு, உங்க கேக்கு ஒசத்தியா இது ஒசத்தியான்னு நேர்மையா சொல்லுங்க."

"என் கேக்கா? எனக்கு அடுப்பே பத்தவைக்கத் தெரியாதுங்க. அதெல்லாம் எங்க வீட்டம்மா பண்றது." டாக்டர் மேலேர்ந்து முறைச்சார். "உங்களாலதான் நான் இங்க தொங்கிட்டிருக்கேன். லீவு நாளானா உங்க வீட்டு ஜன்னலையெல்லாம் நீங்களே தொடைச்சிடுவீங்களாமே?"

"நானா? ஜன்னலையா?"

ரெண்டு ஆம்பளைங்களும் மெதுவா திரும்பிப் பாத்தாங்க. எம்பொண்ணும் டாக்டர் வீட்டம்மாவும் சோபாவுல உக்காந்து கேக்கை வெட்டிட்டிருக்காங்க. "நீங்க பெருசா எடுத்துக்கங்க", "இல்லல்ல, நீங்க எடுத்துக்கங்க"ன்னு உபசாரம் வேற.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை குதிச்சார். "ரெண்டு பேரும் சேந்து எங்களை மடையங்களாக்கிட்டீங்க. இனிமே உன் பருப்பு என்கிட்ட வேகாது. அந்த ஆளு என்ன பண்ணா எனக்கென்ன?"

 எம்பொண்ணு ஜன்னல்கிட்ட போய் நின்னா. எதிர்வீட்டையே பாத்து ஒரு பெருமூச்சு விட்டா.

"என்னதான் சொல்லுங்க, அவர் தொடைச்ச கண்ணாடி மின்னுது."

 மாப்பிள்ளை நேராப் போய் வாளியில தண்ணி பிடிச்சார்.

இப்ப நீ வரும்போது வெளிய ஸ்டூல் மேல நின்னுட்டிருந்தாரே, அவர்தாம்மா. இரு. மாப்ள, துணியக் கீழ வச்சுட்டு, உள்ளேர்ந்து இன்னொரு துண்டு கேக்கு எடுத்துட்டு வாங்க. டாக்டரா இருந்தா டீயும் சேத்துக் கொண்டு வருவாராம்.