ப்ராட்பென்ட்டின் சனிக்கிழமை

நார்விச்சில் நடக்கவிருந்த கால்பந்து ஆட்டத்தை, வழக்கமான சனிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து திங்கட்கிழமை இரவுக்குத் தங்கள் ஒளிபரப்புக்காகத் தள்ளிவிட்டார்கள் டி.வி.க்காரர்கள். சேதி வந்தபோது க்ளிஃபோர்ட் ப்ராட்பென்ட் சமையலறையில் ரயில் டிக்கெட்டோடு நின்றிருந்தார். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு மாதம் முன்பே வாங்கியது. மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"வீணாக்காதே. சனிக்கிழமையே போய் நார்விச்சைச் சுத்திப் பாத்துட்டு வா," என்றாள் மனைவி பெவர்லி, உருளைக்கிழங்கு உரித்தபடி.

அவர் கவலை நார்விச் அல்ல, ப்ளிமத். மற்றவர்கள் கல்யாணத்துக்குத் தேதி பார்க்கும்போது பாதிரியாரைக் கேட்பார்கள். ப்ராட்பென்ட் ஆட்ட அட்டவணையைக் கேட்டார். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ப்ளிமத்தில் ஆட்டம். ஆகவே மறுநாள் ஞாயிறு மதியம் மகள் ஹேசலுக்குக் கல்யாணம். இருபத்தாறு வருஷமாகத் தன் டீமின் ஒரு வெளியூர் ஆட்டத்தையும் தவறவிடாத மனுஷன். பெவர்லிக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்றும் பத்து மணிக்கு அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பத்தரை பஸ்ஸைப் பிடித்தவர். எங்கள் தெருவுக்கே தெரியும்.

"ப்ளிமத்தையும் ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டா?" என்று கேட்டாள் ஹேசல்.

"மாத்த விடமாட்டேன், கண்ணு."

"மாத்திட்டா நீங்க எங்க இருப்பீங்கப்பா?"

ப்ராட்பென்ட் கொதிக்காத கெட்டிலை உற்றுப் பார்த்தார்.

டி.வி.க்காரர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவுசெய்தார். திங்கட்கிழமை இரவு நார்விச்சில் ரசிகர்கள் நடுவே பெரிய பதாகை எழுந்தது: 'டிக்கெட் முப்பத்தஞ்சு பவுண்டு, ரயில் தொண்ணூறு. செவ்வாய்க்கிழமை லீவு உங்கப்பனா தருவான்?'

வீட்டில் பெவர்லி டி.வி.யில் முதலில் கவனித்தது எழுத்தை அல்ல. "அது எங்கக்கா குடுத்த படுக்கை விரிப்பு."

மறுவாரம் அவர்கள் டீமின் இன்னும் இரண்டு ஆட்டங்கள் நாள் மாறி டி.வி.க்குப் போயின.

"பயந்துட்டானுங்க," என்றார் ப்ராட்பென்ட். "இன்னும் கொஞ்சம் அழுத்தினாப் போதும்."

அடுத்த ஊரில் முதல் இருபது நிமிஷம் ரசிகர்கள் எல்லோரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பதினேழாவது நிமிஷத்தில் அவர்கள் டீம், இரண்டு மாதத்தில் முதல்முறையாக, கோல் அடித்தது. முந்நூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வாரம் மேலும் மூன்று ஆட்டங்கள் போயின.

இனிச் சாதாரண வைத்தியம் பலிக்காது என்று, சவ அடக்கம் செய்யும் நண்பர் லெஸ்டரிடம் ஒரு சவப்பெட்டியை இரவல் வாங்கினார். 'சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம், காலமானது' என்று மேலே எழுதிய அதை, கறுப்புக் கோட்டு போட்ட ஆறு பேர் தூக்கி வந்தார்கள். மைதான வாசலில் காவலர் மறித்தார்.

"பெட்டிக்கு டிக்கெட் இருக்கா, சார்?"

"அதுக்கு எதுக்கு டிக்கெட்?"

"சீட்டை அடைக்குதே."

"வயசானவங்களுக்குச் சலுகை உண்டா?"

"வயசுக்குச் சான்று குடுத்தா உண்டு."

ப்ராட்பென்ட் முழு விலை கொடுத்தார். பெட்டிமேல் தலைசாய்த்து அவர் அழுத அழுகையை அன்றிரவு நாடே பார்த்தது. அதில் பாதி நிஜ அழுகை.

வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. ப்ளிமத் ஆட்டம், ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி.

ஹேசல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்களுக்குப் பதிலா பெரியப்பா கையைப் பிடிச்சுட்டுச் சர்ச்சுல நடந்து வர்றேன்பா. நீங்க போயிட்டு வாங்க," என்று மென்மையாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அன்றிரவு பெவர்லி பரிமாறினாள். தட்டில் அவருக்கு மட்டும் உருளைக்கிழங்கு குறைந்திருந்தது.

சனிக்கிழமை ப்ராட்பென்ட் உள்ளூர் மைதானத்துக்குப் போனபோது, வெளியே டி.வி. வண்டியிலிருந்து கேபிள் இழுத்துக்கொண்டிருந்தான் ஒருவன். அவன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, உங்க மேலிடத்துல சொல்லிடு. நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனிமே பதாகையும் இல்லை, பெட்டியும் இல்லை. ப்ளிமத்துக்கு நான் வரலை. என் பொண்ணு கல்யாணத்துக்குப் போறேன். இருபத்தாறு வருஷம், இத்தோட சரி."

சொன்னதும் நெஞ்சு லேசானதுபோல் இருந்தது அவருக்கு. ஆனால் அந்த ஆள் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, கையிலிருந்த கேபிளை அப்படியே கீழே போட்டான்.

"நீங்க வரலையா? என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? உங்க டீம் ஆடறதை எவன் பாக்கறான்? உங்களைக் காட்டறதுக்காகத்தானே ஆட்டத்தையே ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினாங்க."