கருவாயன் காலில் வண்டிச் சாவி

புது மாப்பிள்ளையாக மாமனார் வீட்டுக்குப் போகிறவன் சாப்பிடலாம், தூங்கலாம், எழுந்து மறுபடியும் சாப்பிடலாம். வேறு எதையும் செய்யக்கூடாது. நான் குச்சி எறிந்தேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். காவலுக்குக் கருவாயன் என்ற கோம்பை நாய். ஊருக்கெல்லாம் புலி, என் மனைவி தேன்மொழிக்கு மட்டும் குழந்தை. கல்யாணத்தன்று அதைப் பிரியத்தான் அவள் அதிகம் அழுதாளாம் (சொன்னது மாமனார், கொஞ்சம் வருத்தத்தோடு). அதனிடம் நல்ல பெயர் எடுக்கலாமென்று திராட்சைப் பந்தலுக்கடியில் குச்சியை எறிந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தபடியே பாய்ந்த கருவாயன், பந்தலைத் தாங்கும் கல்தூணில் மடேரென்று மோதி விழுந்தது.

அதற்கு நினைவில்லை. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எங்கள் தெருவில் யாருக்கு வலிப்பு வந்தாலும் கையில் இரும்பைத் திணிப்பார்கள். நானும் சாவிக்கொத்தைக் கொடுத்தேன். அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஆகவே முன்னங்காலோடு சேர்த்துக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினேன். பிறகு சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றப் போனேன்.

"ஊத்தாதீக!" தேன்மொழி ஓடிவந்து சொம்பைத் தட்டிவிட்டாள். "நெனப்பு இல்லாதப்ப ஊத்துனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். முன்னாடி இருந்த நாயி அப்படித்தான் செத்துச்சு."

அவள் அழவில்லை. கழுத்துப்பட்டையைக் கழற்றினாள். இமையை விலக்கிப் பார்த்தாள். "ஒரு கண்ணுப் பாப்பா பெருசா இருக்கு, ஒண்ணு சிறுசா இருக்கு. மண்டைக்குள்ள அடிபட்டிருக்குப்பா" என்றாள், பின்னாலேயே ஓடிவந்த மாமனாரிடம். பெட்டி அடுக்கும் பலகையை மாமனார் கொண்டுவர, கழுத்து திரும்பாமல் நாயை அதில் நகர்த்தி, தலைமாட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள். கல்யாண மேடையில் பார்த்ததைவிட அந்தப் பலகையோரம்தான் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அதற்குள் கருவாயன் கண் திறந்து, தள்ளாடி எழப் பார்த்தது. "பாத்தியா, சரியாயிருச்சு!" என்றேன் (நான் சும்மாவே இருந்திருக்கலாம்).

"எந்திரிச்சாலும் ஆஸ்பத்திரிதான். உள்ள வீங்குறது வெளிய தெரியாது. வண்டிச் சாவி எங்கங்க?"

நான் நாயின் காலைப் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள். முடிச்சு அவிழவே இல்லை. மாமனார் கொடி வெட்டும் கத்தரியால் கைக்குட்டையை வெட்டினார், என் முகத்தைப் பார்க்காமல்.

வழியெல்லாம் அவள் பலகையைப் பிடித்தபடி அதனிடம் பேசிக்கொண்டே வந்தாள். அது போய்விட்டால் இந்தக் குரலை இனி எப்படிக் கேட்பேன் என்று நினைத்தபடி வண்டியை விரட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதன் கண்ணில் டார்ச் அடித்து, ஊசியை எடுத்தார். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

விழித்தபோது அதே டார்ச் என் கண்ணில் இருந்தது. "பாப்பா ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

"தண்ணி மட்டும் குடுத்துறாதீக டாக்டர்" என்றாள் தேன்மொழி. அன்று அவள் முதன்முறையாகச் சிரித்தது அப்போதுதான். கருவாயனும் பிழைத்தது, அவளால்.

அதன் தலை மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. இப்போதும் நான் போய் இறங்கினால், அந்தச் சாய்ந்த தலையோடு ஓடிவந்து முன்னங்காலைத் தூக்கி என் முழங்காலில் வைக்கும். எனக்கு முன்னே உள்ளே போய்விட்ட மகளுக்கு மாமனார் குரல் கொடுப்பார்:

"ஆத்தா, மாப்ள வந்துட்டாக! சாவியெல்லாம் எடுத்து உள்ள வையி!"