ஓடுவோர்க்கு மட்டும்

ஒரு நாட்டுக்கு நிர்வாகம் எவ்வளவு முக்கியமோ, நிர்வாகத்துக்கு அதிகாரியின் முழங்கால் அவ்வளவு முக்கியம்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு தாலுகா. பெயர் வேண்டாம், அங்கே நமக்கு இன்னும் வேலை இருக்கிறது. அங்கே தாசில்தாராக இருந்த ரெங்கசாமிக்கு ஐம்பது வயதுவரை முழங்கால் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அவரும் அதற்கு ஒரு வேலையும் கொடுத்ததில்லை.

அப்போதுதான் மாவட்டத்துக்கு ஒரு புது மேலதிகாரி வந்தார். விடியற்காலையில் ஓடுகிறவர். அவர் ஓடியதால் மாவட்டமே ஓடியது. ஓடும் படத்தைத் தினமும் வாட்ஸப் குழுவில் போடவேண்டும். போடாதவரின் கோப்புகளில் மேலதிகாரிக்குத் திடீர் திடீரென்று சந்தேகங்கள் வரும். ரெங்கசாமி கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒரு ஜோடி ஷூ வாங்கி, வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்கால் வரப்பில் ஓட ஆரம்பித்தார்.

வருவாய்த் துறை வரைபடத்தில் அது வரப்பு அல்ல, அகலமான சுடுகாட்டுப் பாதை. கோவிந்தராசு பண்ணை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வயலோடு சேர்த்தது போக மிச்சம்தான் வரப்பு. கிழக்குத் தெருவில் யாராவது இறந்தால், பாடையோடு சேற்றில் இறங்கித்தான் போகவேண்டும். அந்தத் தெருவின் அம்சம், தன் மாமியாரின் பாடை சேற்றில் சரிந்த நாளிலிருந்து மனு கொடுத்துவருகிறார். கழகம் போய்க் கழகம் வந்தது, பாதை வரவில்லை.

“அளந்து பாக்கணும்மா. சர்வேயருக்கு வேலை ஜாஸ்தி,” என்று ரெங்கசாமியும் அன்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் ஓடியதும் அவருடைய வலது முழங்கால் வீங்கியது. படி இறங்கும்போது உயிர் போனது. டாக்டர் யூனுஸ் அமுக்கிப் பார்த்தார்.

“முன்ன ஓடிப் பழக்கம் உண்டா சார்?”

“பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்ல.”

“அப்ப எடுத்த எடுப்புல இவ்வளவு ஓடக் கூடாது. வலி போறவரைக்கும் நடங்க. அப்புறம் கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம்.”

“நடக்கிற படத்தைக் குழுவுல போட முடியாதே, டாக்டர்.”

“நீங்க ஓடுற வரப்பு வேற ஒரு பக்கம் சரிவு. சமமான தரையிலயாவது ஓடுங்க.”

டாக்டர் சொன்னவற்றில் நிர்வாக ரீதியாகச் செயல்படுத்தத் தக்கது கடைசி வாக்கியம் மட்டுமே என்று ரெங்கசாமி முடிவுசெய்தார்.

மறுநாளே சர்வேயருக்கு வேலை குறைந்தது. அளந்தார்கள். ஆக்கிரமிப்பு தெரிந்தது. கோவிந்தராசு கட்சிக்காரர்களோடு வந்து நின்றார்.

“எங்க தாத்தா காலத்து அனுபவ பாத்தியம் சார். சுடுகாட்டுக்குப் பாதைன்னா விட மாட்டோம்.”

“சுடுகாட்டுக்குன்னு யார் சொன்னா? மேலிடம் ஓடுறதுக்கு.”

கோவிந்தராசு தன் பொக்லைனையே அனுப்பிவைத்தார்.

கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினார்கள். மேலதிகாரி வந்து, நாடாவை வெட்டி, ஓடினார். முகப்பில் பலகை: ‘மக்கள் நல ஓடுபாதை. ஓடுவோர்க்கு மட்டும். நடப்பது தண்டனைக்குரியது.’

அந்த மாதமே அம்சத்தின் கணவர் வீரையன் இறந்துபோனார். பாடை பலகையருகே தடுக்கப்பட்டது. ரெங்கசாமி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

“வரைபடத்துல இது எங்க பாதைதானுங்களே,” என்றார் அம்சம்.

“உங்க பாதைதாம்மா. ஆனா நடக்கக் கூடாது.”

“பொணத்தைத் தூக்கிக்கிட்டு எப்படிங்க ஓடுறது?”

ரெங்கசாமி ஈரமில்லாதவர் அல்ல. பலகையை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். “பொணத்துக்குத் தடை இல்லம்மா. நடக்கிறதுக்குத்தான் தடை.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓடினார்கள். மாலை உதிர்ந்தது. சங்கு ஊதியவருக்கு ஊத மூச்சில்லை. பெண்கள் அதற்கு மேல் போவதில்லை என்பதால் அம்சம் அங்கேயே நின்று பார்த்தார். கணவர் இத்தனை அவசரமாக எங்கும் போய் அவர் பார்த்ததில்லை.

யாரோ எடுத்த படம் குழுவுக்குப் போனது. ‘துக்கத்திலும் உடல்நலம்’ என்று மேலதிகாரி பாராட்டினார். மாவட்ட ஓட்டப் பந்தயத்துக்குக் கிழக்குத் தெரு இளைஞர்களைச் சீருடை கொடுத்து அழைத்தார்கள். அவர்கள் கோப்பையோடு திரும்பினார்கள்.

ரெங்கசாமியின் மூட்டு மட்டும் தேறவில்லை. இனி நடை மட்டும்தான் என்று யூனுஸ் கண்டித்துச் சொல்லிவிட்டார். நடப்பவருக்குப் பாதையில் இடமில்லாததால் தாசில்தார் வயலில் இறங்கினார். கணுக்கால்வரை சேறு ஏறியபோது மனம் கொஞ்சம் இளகியது. அன்றே பலகையை அகற்ற உத்தரவிட்டார்.

எதிர்ப்பு கிழக்குத் தெருவிலிருந்தே வந்தது. இளைஞர்கள் சீருடையில் தாலுகா அலுவலகத்துக்கு வந்தார்கள். கோவிந்தராசு வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் பக்கம் நின்றார்.

“பலகைய எடுத்தா கண்டவங்களும் நடக்க வந்துடுவாங்க சார். பயிற்சி கெட்டுப்போயிடும்,” என்றார்கள் இளைஞர்கள்.

“சாவு விழுந்தா?”

“ஓடிடுவோம் சார். பழகிடுச்சு.”

மக்கள் கருத்துக்கு மதிப்பளித்து உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கூட்டம் கலைந்ததும் அம்சம் உள்ளே வந்தார்.

“இன்னும் என்னம்மா?”

“எனக்கும் உடம்பு முடியலீங்க. நான் போறப்ப என்னய மட்டும் சேத்துல எறங்கியே கொண்டு போவச் சொல்லி எழுதிக் குடுங்க. கொஞ்சம் மெதுவா போவாங்க.”