வடக்குச் சுவரில் நீங்கள் விட்ட இரண்டு ஓட்டைகள்

வில்லோ பெண்ட், சாஸ்கட்சுவான்
ஜனவரி 27

மதிப்புக்குரிய மாப்பிள்ளை டெல்மர் ஃப்ரீஸன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் நெஸ்டர் பாபியுக் எழுதிக்கொண்டது. இங்கே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி குளிர், நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் என் மகள் லாரிஸாவும் சுகம் என்று நம்புகிறேன். இருபது நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி ஹலீனாவும் சுகமாகத்தான் இருப்பாள், அங்கேதான் அவளுக்கு மூச்சு விட முடிகிறதாமே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் கத்தினால் நீங்கள் நிதானமாக விளக்குவீர்கள். அந்த நிதானத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் வாயை மூடிக்கொண்டு படியுங்கள்.

ஐம்பத்திரண்டு வருஷம் நாங்கள் இருந்த பழைய வீட்டில் காற்று ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச்சுவரில் வெளியே போகும். சுவரில் காலண்டர் ஆடும். காலையில் வாளித் தண்ணீர் மேலே பனிக்கட்டி மிதக்கும். ஆனால் அந்த வீட்டில் என் பெண்டாட்டி என் கூட இருந்தாள். அதைத்தான் இடித்துப் புது வீடு கட்டலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். "மாமா, சுவரு ஒரு முழம் தடிமன், ஜன்னலுக்கு மூணு கண்ணாடி, தலைமுடி காய வைக்கிற மெஷின் இருக்குல்ல, அந்தச் சூடு போதும் வீடு முழுக்க!" என்றீர்கள். கட்டி முடித்ததும் எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்க வாசலில் பெரிய காற்றாடியை மாட்டி ஓடவிட்டு, புகைக்குச்சியோடு மூலைமூலையாகத் தவழ்ந்தீர்கள். "ஊசி போற ஓட்டைகூட இல்ல மாமா!" என்று தரையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். நானும் முட்டாள் மாதிரி கூடவே தட்டினேன்.

ஊசி போற ஓட்டை இல்லையாம்! வடக்குச் சுவரில் என் தொடை நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை இருக்கிறதே, அது என்ன, ஊசிக்கு அண்ணனா? நவம்பர் பிறந்தால் கந்தல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து ஓட்டை அடைக்காதவன் எங்கள் ஊரில் ஆம்பளையே இல்லை. அப்படிச் சுற்றி வந்தபோதுதான் கண்டுபிடித்தேன். கை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் குளிர்காற்று வீட்டுக்குள் போகிறது. இன்னொன்றில் உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்து முயல்களுக்குக் குளிர் காய உதவுகிறது. ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு தகர மூடி, அதுவும் பாதி திறந்து! சொந்த மாமனார் வீட்டில் இப்படியா வேலையை அரைகுறையாக விடுவது? முதல் ஓட்டையில் என் பழைய தோல்கோட்டைத் திணித்தேன். அடுத்ததில் இரண்டு உருளைக்கிழங்குச் சாக்கு. நீங்கள் நன்றி சொல்வீர்கள் என்றுகூட எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் கேளுங்கள். டிசம்பரில் ஜன்னல் அழ ஆரம்பித்தது, மூணு கண்ணாடியும் சேர்ந்து அழுதது, துண்டு போட்டுத் துடைத்தால் துண்டு காயவில்லை, துண்டு காயாததால் காலுறை காயவில்லை, ஈரக் காலுறையோடு வெளியே போனால் அது பூட்ஸோடு ஒட்டி உறைகிறது, செவ்வாய்க்கிழமை வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை அடுத்த செவ்வாய்க்கிழமைவரை வரவேற்பறையில் குடியிருக்கிறது, ஹலீனாவுக்குத் தினமும் தலைவலி, "ஏங்க, எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்கிறாள், "புது வீடு, பழகிடும்" என்கிறேன், கடைசியில் ஜனவரி ஆறாம் தேதி எங்கள் பழைய காலண்டர் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு பதார்த்தம் சமைத்து இறக்கிய மறுநாள், கல்யாணத்துக்குத் தன் கையால் பூவேலை செய்து சுவரில் மாட்டியிருந்த துணியில் கறுப்பாய்ப் பூசணம் பூத்திருப்பதைப் பார்த்தாள். துணியைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். "காத்து சரியானா சொல்லி அனுப்புங்க" என்று கிளம்பிவிட்டாள்.

போன வாரம் பாதிரியார் வீட்டை மந்திரிக்க வந்தார். தீர்த்தம் தெளிக்கிற குச்சியைத் தூக்கியவர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "என்ன நெஸ்டர், எனக்கு முன்னாடியே யாரோ வந்து தெளிச்சிட்டுப் போயிருக்காங்களே?" ஹலீனா எங்கே என்றும் கேட்டார். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். சாமி முன்னால் பொய் சொன்னேன், மாப்பிள்ளை, உங்களால்! காபிக்கடையில் பக்கத்து வயல் கார்ல், "உன் வீட்டுல மீன் குஞ்சு விடலாம்டா" என்கிறான். எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள்.

வீட்டுக் காற்றை மாற்றும் என்று சொல்லி நிலவறையில் நீங்கள் மாட்டிய காற்றுப் பெட்டி நவம்பரிலிருந்து சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. என் டிரக்கில் அப்படி எரிந்தபோது என்ன செய்தேனோ அதையேதான் இங்கேயும் செய்தேன். விளக்கு மேலே கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். நீங்கள் போனில், "மாமா, வெளிய ரெண்டு மூடி இருக்கும், பனி அடைச்சிருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றீர்கள். பார்த்தேன். ஒரு துளி பனி இல்லை. என்னையா குறை சொல்கிறீர்கள்?

சனிக்கிழமைக்குள் நீங்கள் வந்து சரிசெய்யாவிட்டால் சங்கிலி ரம்பத்தை எடுத்து உங்கள் ஒரு முழச் சுவரை நானே அறுத்துக் காற்று வர வழிசெய்வேன். விளையாட்டு இல்லை, ரம்பத்துக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது. தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. இருபது நாளாக இரண்டு தட்டு எடுத்து வைத்து ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன்.

லாரிஸாவும் நீங்களும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பெட்டி மட்டும் நாசமாய்ப் போகட்டும்.

ஆசியோடும் அதைவிட அதிகக் கோபத்தோடும்,
நெஸ்டர் பாபியுக்

பின்குறிப்பு (28ஆம் தேதி): நேற்று மாலையே இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். புதுக் கோட்டு காயவில்லை. சரி என்று ஓட்டையிலிருந்த பழைய கோட்டை இழுத்தேன். பலகை மாதிரி விறைத்து வந்தது. வந்த உடனே அந்த ஓட்டை கன்றுக்குட்டி பால் குடிப்பது போலக் காற்றை உறிஞ்சியது. அடுத்த ஓட்டைக்கு ஓடினேன். சாக்கையும் உருவினேன். இரண்டரை மாத முட்டைக்கோஸ் வாசனை ஒரே மூச்சாக என் முகத்தில் அடித்தது. உள்ளே போய் டேப்பைப் பிய்த்தேன். பச்சை விளக்கு. இன்று காலையில் அழுகை நின்ற ஜன்னல் வழியாகக் கார்ல் வீட்டுத் தானியக் குதிர் தெரிகிறது.

மேலே எழுதியதைக் கிழித்திருப்பேன். ஆனால் நாலு பக்கக் கோபம், வீணாக்க மனசு வரவில்லை. ரம்பத்தைத் திரும்பக் கொட்டகையில் வைத்துவிட்டேன். ஹலீனாகிட்ட இதைச் சொல்லாதீங்க. பெட்டியில ஏதோ கோளாறு, நீங்க சரிபண்ணிட்டதா சொல்லுங்க. இல்ல, வேண்டாம் மாப்பிள்ளை. கோட்டு, சாக்கு, டேப்பு எல்லாத்தையும் அப்படியே சொல்லிடுங்க. என் முகத்துக்கு நேரா சிரிக்கணும்னா அவ இங்க வந்துதானே ஆகணும்.