என் தாடையும் டாக்டரம்மா கேட்ட நம்பரும்

அஜ்மல், நிலோபர், உங்கள் அத்தா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். ஆனாலும் பெரிய படிப்புப் படித்த ஒரு டாக்டரின் ஆராய்ச்சியை, சபைக்கு நடுவே, ஒற்றை ஆளாகக் கவிழ்த்த பெருமை எனக்கு உண்டு. கெட்ட எண்ணத்தில் கவிழ்க்கவில்லை. மரியாதையால் கவிழ்த்தேன்.

இந்தக் கதையில் உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியை உங்கள் அம்மா கண், காது, மூக்கு வைத்துச் சொல்லுவாள். (அவள் சொல்லுவதில் நான் அழுதேன் என்று வரும். அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அது வேறு.) அதனால் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

கட்டுமாவடியில் மீன் ஏலம் கூறுவது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். படகு வந்து, மீனைக் கொட்டிக் கூறு போட்டதும், சுற்றி நிற்கிற வியாபாரிகளின் கண்ணையும் தலையாட்டலையும் பார்த்து விலையைக் கூவ வேண்டும். இஞ்சின் சத்தம், காக்காச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே குரல் போக வேண்டும். மற்றவர்களுக்குப் படகு இருக்கிறது, வலை இருக்கிறது. எனக்குக் கைமுதல் இந்த வாய்தான்.

அந்த வாயில்தான் கோளாறு வந்தது. இடது காதுக்கு முன்னால், தாடை எலும்பு வந்து சேருகிற இடத்தில், வாயைத் திறந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். முதலில் சத்தம் மட்டும். பிறகு வலி. பிறகு, திறந்த வாய் கொஞ்ச நேரம் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் நண்டுக் கூடையை ஏலம் விடும்போது, "ஆயிரத்தி..." என்றதோடு வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் இன்னும் பெரிய விலைக்குக் காத்திருக்கிறேன் என்று நினைத்து, வியாபாரிகள் தாங்களாகவே ஒருவர் மேல் ஒருவர் விலையை ஏற்றிக்கொண்டு போனார்கள். (படகுக்காரர் சந்தோஷப்பட்டு எனக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கித் தந்தார். பஜ்ஜியைக் கடிக்க முடியவில்லை.)

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. இட்லியைக் கூடக் கரைத்துக் குடிக்கிற நிலைமைக்கு வந்தேன். எனக்குப் பதிலாக ஏலம் கூற உங்கள் சாகுல் மாமு வந்தான்.

"மச்சான், நீங்க ஒக்காருங்க. தொண்ட தண்ணி வத்த நான் கத்துறேன். நீங்க விரல மட்டும் ஆட்டுங்க, டிராபிக் போலீசு மாதிரி" என்றான்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் ஓரமாக உட்கார்ந்து கேட்டபோது, பயல் நன்றாகவே கூவுகிறானே என்று எனக்குப் பயம் வந்தது. ஏலக்காரனுக்கு வாய் போனால் படகுக்காரர்கள் அடுத்த வாயைப் பார்க்க வேண்டியதுதானே. இந்த வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்?

அறந்தாங்கியில் ஒரு பல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது பல்லுல இல்ல, மூட்டுல" என்று சொல்லி, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார். தாடை மூட்டு வலிக்கு அக்குபஞ்சர் வைத்தியம் எப்படிக் கேட்கிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நடத்துகிறவர் டாக்டர் தேன்மொழி. வல்லத்திராக்கோட்டையில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, சாப்பிடாமல் வந்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே டப்பாவிலிருந்து ஒரு வாய் எலுமிச்சம்பழச் சோறு அள்ளிப் போட்டுக்கொள்ளும்.

"ஒரு பகுதி ஆளுகளுக்கு ஊசி மட்டும் போடுவோம் பாய்" என்று அந்தப் பிள்ளை விளக்கியது. "இன்னொரு பகுதிக்கு ஊசியோட, காதுல சின்ன விதைய ஒட்டி அமுக்கிவிடுறது, வெந்நி ஒத்தடம், தாடைப் பயிற்சி எல்லாம் சேத்துக் குடுப்போம். தனியாக் குடுத்தா நல்லாக் கேக்குதா, சேத்துக் குடுத்தா நல்லாக் கேக்குதான்னு பாக்கணும். நீங்க சேத்துக் குடுக்குற பகுதி."

"கூட ரெண்டு கெடைச்சா வேணாம்னா சொல்லப் போறோம், போடுங்க டாக்டரம்மா" என்றாள் உங்கள் அம்மா, காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரி.

தலைமுடி போல மெல்லிசான ஊசி. கன்னத்தில், காதுக்கு முன்னால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் என்று அந்தப் பிள்ளை வரிசையாகக் குத்தியது. நான் மெதுவாக, "டாக்டரம்மா, மருந்த ஏத்த மறந்துட்டீங்க" என்றேன்.

"இதுல மருந்தே கெடையாது பாய். ஊசிதான் மருந்து."

உங்கள் அம்மா செல்லில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். முள் எடுக்காத முள்ளுவாளை மீன் மாதிரி இருந்தேன். அதைக் குடும்ப குரூப்பிலும் போட்டுவிட்டாள். "இந்த மீனு கிலோ என்ன வெல?" என்று சாகுல் அடுத்த நிமிஷமே கேட்டிருந்தான்.

வினை இதற்குப் பிறகுதான் வந்தது. "பத்துன்னா தாங்கவே முடியாத வலி. ஜீரோன்னா வலியே இல்ல. இப்ப ஒங்களுக்கு எவ்வளவு?" என்று டாக்டரம்மா கேட்டது.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கும்மா" என்றேன்.

உங்கள் அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "நல்லாருந்தா இம்புட்டுத் தூரம் எதுக்கு பஸ் ஏறி வந்தோம்? எட்டு போடுங்க டாக்டரம்மா."

பிள்ளைகளா, நம் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், காய்ச்சலில் கிடந்தாலும், இறைவனுக்கு நன்றி சொல்லித்தான் பதில் தொடங்கும். என்னை என் வாப்பா அப்படித்தான் வளர்த்தார். கேட்டவர் முகம் வாடும்படி பதில் சொன்னால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. விருந்து வீட்டில் கறியில் உப்பில்லை என்றாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித் தின்கிற ஆள் நான்.

அடுத்த முறை, கேள்வி கேட்கும்போது கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கிள்ள ஆள் இல்லை. அந்தப் பிள்ளை ஊசியை எடுத்துவிட்டு, காதில் விதையை ஒட்டி, பூப்போல ஒத்தடம் கொடுத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பாய்?" என்று ஆசையாகக் கேட்டது. அந்த முகத்தைப் பார்த்து ‘எட்டு’ என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்?

"ரெண்டும்மா" என்றேன்.

முகம் மலர்ந்தது. அதற்கடுத்த முறை "சைபர்" என்றேன். இன்னும் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் விலையை ஏற்றியே பழகிய நான், என் வலியின் விலையை மட்டும் இறக்கிக்கொண்டே வந்தேன். வாய் எவ்வளவு திறக்கிறது என்று டாக்டரம்மா ஒரு சின்ன ஸ்கேலை வைத்து அளக்கும். பல்லைக் கடிக்க முடியாததால் கால் விரல்களை மடக்கிக்கொண்டு முடிந்த மட்டும் திறந்து காட்டுவேன்.

"ஏன் பாய் கண்ணு கலங்குது?"

"சந்தோஷம்தாம்மா."

வெளியூரிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து ஆராய்ச்சியைப் பார்க்கிற நாள் வந்தது. காட்டுவதற்கு டாக்டரம்மா தேர்ந்தெடுத்தது என்னைத்தான். நான் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரிப் போனேன். உள்ளே கூட்டிப் போகும்போது அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னது: "ஒங்களுக்கு இன்னைக்கோட வைத்தியம் முடிஞ்சிருச்சு பாய். இனிமே இங்கிட்டு அலைய வேணாம்."

தாடையில் வலி அப்படியே இருந்தது. வைத்தியம் முடிந்தால் என் ஏலமும் முடிந்த மாதிரி. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்து, அத்தனை டாக்டர்களும் என்னைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா திரையில் என் நம்பர்களைக் காட்டி, எட்டிலிருந்து ஜீரோவுக்கு வந்த கதையைச் சொன்னது. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அம்மாவுக்கு, அவள் கொடுத்த எட்டு என்ன ஆனது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கண்ணாடி போட்ட ஒரு புரொபசர், "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

"மீன் ஏலங்க, சார்."

"அட! எங்க, ஒரு ஏலம் விட்டுக் காட்டுங்க, பாப்போம்."

மேசையில் பாடம் நடத்த ஒரு பிளாஸ்டிக் மண்டையோடு இருந்தது. அதன் தாடை சத்தமே இல்லாமல் திறந்து மூடியது. (எனக்குப் பொறாமையாக இருந்தது.) அதைக் கையில் தூக்கினேன். எத்தனையோ நாள் கழித்து என்னை ஏலம் விடச் சொல்லி ஒருவர் கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்க, பாருங்க! நல்ல தாடை! வலியில்லாத தாடை! நூறு ரூவா! அங்கிட்டு தம்பி எரநூறு! இங்கிட்டு அம்மா முந்நூறு!"

மாணவர்கள் கையைத் தூக்கித் தூக்கி விலையை ஏற்றினார்கள். ஹால் கடற்கரை மாதிரி ஆகிவிட்டது. நான் அடிவயிற்றிலிருந்து "ஆயிரம்!" என்று கூவினேன். அந்த ‘ஆ’வில் தாடை ‘டக்’ என்றது. அவ்வளவுதான். ‘யிரம்’ வரவில்லை. வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது.

நடிக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். எச்சில் சட்டையில் வழிந்து, கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் கைதட்டல் நின்றது. ஒரு கையில் மண்டையோடு. அதன் வாய் மூடியிருந்தது, என் வாய் திறந்திருந்தது.

புரொபசர் பதறி எழுந்து, "என்னாச்சு? வலிக்குதா?" என்றார்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அந்த நிலைமையிலும் நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, உதடு சேராத வாயால், "ஆ... ஹா... ஆ..." என்று நன்றி சொல்லப் பார்த்தேன்.

உங்கள் அம்மா உள்ளே பாய்ந்து வந்தாள். "அவரு கைய நம்பாதீங்க சார்! எட்டு! அன்னைக்கும் எட்டு, இன்னைக்கும் எட்டு! காலைல இட்லியக் கரச்சுக் குடிச்சிட்டு வந்த மனுசன் ஜீரோவாம்ல ஜீரோ!"

வந்திருந்தவர்களில் ஒரு பல் டாக்டர் இருந்தது என் அதிர்ஷ்டம். இரண்டு கட்டைவிரலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, என் கடைவாய்ப் பல் மேல் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். தாடை தன் இடத்தில் போய் விழுந்தது. விழுந்த வேகத்தில் அவர் விரலையும் கடித்துவிட்டது. அவர் "ஆ!" என்றார். இப்போது அவர் வாய் திறந்திருந்தது.

அந்தப் பிள்ளையின் படிப்பை நாசமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். எல்லோரும் போன பிறகு, "ஒங்க மனசு நோகக் கூடாதேன்னுதாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"பாய், நன்றிய அல்லாகிட்ட சொல்லுங்க. நம்பர எங்கிட்ட சொல்லுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க ஜீரோன்னு சொன்னதால ஒங்கள இன்னைக்கு அனுப்பியிருப்பேன். ஒங்கள மாதிரி அடுத்து வர்றவங்களுக்கும் இவ்வளவு வைத்தியம் போதும்னு எழுதியிருப்பேன். அவங்க வாயும் எங்கயாவது இப்படித்தான் நின்னிருக்கும். என் மொகம் வாடுனா வாடிட்டுப் போகுது."

"ஒங்களுக்கு மேல இருக்குற பெரிய டாக்டரு திட்டுனாராம்மா?"

"நடந்தத நடந்தபடி எழுதுன்னாரு. ஆராய்ச்சிக் கணக்குல நீங்க சேருவீங்களா மாட்டீங்களான்னு அவரு முடிவு பண்ணுவாரு. வைத்தியத்துல இருந்து ஒங்கள விட மாட்டேன். அடுத்த வாரம் வாங்க. இப்ப சொல்லுங்க, எவ்வளவு?"

"எட்டும்மா" என்றேன். வைதுவிட்ட மாதிரி எனக்குக் கூசியது. அந்தப் பிள்ளையோ, "இப்பத்தான் வைத்தியமே ஆரம்பிக்குது" என்று எழுந்து ஊசிப் பெட்டியைத் திறந்தது.

அதன் பிறகு உண்மை நம்பரைச் சொல்லப் பழகினேன். ஏழு என்றால் ஏழு. ஒரு வாரம் இறங்கும், அடுத்த வாரம் ஏறும். ஏறினால் அந்தப் பிள்ளை குத்துகிற இடத்தை மாற்றும், பயிற்சியை மாற்றும். வீட்டில் வெந்நீர்த் துணியோடு உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பாள். எது என்னைக் குணமாக்கியது, ஊசியா, விதையா, ஒத்தடமா, எல்லாம் சேர்ந்தா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்தப் பிள்ளை ராப்பகலாக உழைக்கிறது. எனக்குத் தெரிந்தது, திட்ட வேண்டிய இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததே, அந்தக் குணம். தொழுகையில் உங்கள் பெயர்களுக்கு அடுத்து அந்தப் பிள்ளையின் பெயரும் வருகிறது.

அன்றிலிருந்து நம் வீடு நம்பர் வீடாகிவிட்டது. குழம்பு நல்லா இருக்கு என்று நான் சொன்னால், "நன்றி இருக்கட்டும், நம்பர் என்ன?" என்கிறாள் உங்கள் அம்மா. (ஒரு தடவை ஆறு என்று சொல்லிவிட்டேன். இரவு சாப்பாட்டுக்குக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று.) ஏலக்கடையில் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்ல என்றால், "எங்க மச்சான் மாதிரி பொய் சொல்லாதீங்க, நம்பரச் சொல்லுங்க" என்று சாகுல் கத்துகிறான். போன மாதம் நிலோபர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கேட்கும் முன்பே, "அத்தா, ஏழு" என்றாள். நான் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

மறுபடி நான் ஏலத்துக்கு நின்ற முதல் நாள். பாதிக் கூறு நானும் மீதியைச் சாகுலும் என்று பிரித்துக்கொண்டோம். ‘ஆயிரம்’ முழுசாக வந்தது. எல்லோரும் போன பிறகு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட தரையில் நான் மட்டும் நின்றேன். டாக்டரம்மாவிடமிருந்து செல்லில் செய்தி வந்திருந்தது: "இன்னைக்கு எப்படி இருக்கு பாய்?"

ரொம்ப நல்லா இருக்கு என்று அடித்தேன். அழித்தேன். வாயை ஒரு முறை மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ‘2’ என்று மட்டும் அனுப்பினேன். பிறகு, அல்ஹம்துலில்லாஹ் என்று தனியாக இன்னொரு செய்தி அனுப்பினேன்.