மேலிருந்தே கடலைப் பார்ப்பவர்

எட்டிப் பார்ப்பவர்கள், ஒட்டுக்கேட்பவர்கள், கூப்பிடாமலே வந்து யோசனை சொல்பவர்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரியும். உயரத்திலிருந்து பார்ப்பவர்களைத் தெரியுமா? எந்த விஷயமும் போதிய தொலைவிலிருந்து பார்த்தால் புரிந்துவிடும், கிட்டே போனால் குழம்பிவிடும் என்று நம்பும் கூட்டம் இது. நாளுக்கு நாள் பெருகிவருகிறது.

ஆராய்ச்சிக் கூடத்தில் 'பச்சை சார்' என்று பெயரெடுத்த நம்மவர், இந்த இனத்தில் முதல்தரச் சரக்கு. கடலில் மிதக்கும் நுண்பாசியின் பச்சையம் தண்ணீரின் நிறத்தை லேசாக மாற்றும். செயற்கைக்கோள் அந்த நிறத்தை அளக்கும். கணினி அதற்கு வர்ணம் பூசும். அந்த வர்ணத்தைப் பார்த்துப் பத்தொன்பது வருடமாக உலகத்துக் கடல்களுக்கெல்லாம் நாடி பிடித்துச் சொல்பவர் அவர். நீலம் என்றால் அங்கே மீன்கள் பட்டினி. பச்சை என்றால் சாப்பாடு. சிவப்பு என்றால் விருந்து. வடகடலில் பாசி பூத்தால் அவர் முகமும் பூக்கும். நடுக்கடலில் நீலம் பரவினால் அவருக்கு மதியம் சோறு இறங்காது. சரி, கடலுக்குப் போயிருக்கிறாரா? வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறினால் கடற்கரை. செருப்பில் மணல் ஏறும் என்று போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிப் படத்தில் செக்கச்செவேலென்று ஒரு திட்டு தெரிந்தது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வராந்தாவில் போன தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், தண்ணீர் கேன் போட வந்தவரைப் பிடித்துவைத்துக் காட்டினார், தவறான எண்ணில் அழைத்த யாரோ ஒருவருக்குப் பத்து நிமிடம் விளக்கினார். மீன் அங்கே குவியப்போகிறது, எல்லாப் படகுகளும் அங்கே போகலாம் என்று வெள்ளிக்கிழமை மீனவர் கூட்டத்தில் அறிவிப்பதாக இயக்குநரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மைத்துனன் விசைப்படகு ஓட்டுபவன். விஷயத்தைக் கேட்டதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அத்தான், அந்த வழியாத்தான் நான் தினமும் போறேன். ஆத்துல தூர் வாரிட்டிருக்காங்க. அது வெறும் சேத்துத் தண்ணி."

"நீ படகுல இருந்து பாக்குறே மச்சான். அதான் உனக்கு மொத்தமும் தெரியல."

"உங்க பேச்சை நம்பி நாப்பது படகு டீசல் எரிக்கும். ஒரு நாள் பொழப்பு போயிடும்."

"எழுநூறு கிலோமீட்டர் உயரத்துல எடுத்த படம்டா."

மனைவி குறுக்கே வந்தாள். "நாளைக்குத் தம்பிகூடப் போய் ஒரு பாட்டில் மொண்டுக்கிட்டு வந்துடுங்களேன். படம் எங்கேயும் ஓடிடாது."

புதன்கிழமை படகேறினார். பத்தொன்பது வருடக் கடல் நிபுணர், பத்தொன்பதாவது நிமிடத்தில் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தார். மைத்துனன் முதுகைத் தடவிவிட்டான்.

"இதுவும் படத்துல சிவப்பாத் தெரியுமா அத்தான்?"

அவர் படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

திட்டு வந்தது. தேநீர் நிறத்தில் தண்ணீர். மொண்ட பாட்டிலின் அடியில் விரற்கடை மண் படிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணியிலதான் ஏதோ தப்பு" என்றார். மைத்துனன் நல்லவன், சிரிக்கவில்லை. சேற்றுக் கையைக் கழுவக் குனிந்து கடலில் விட்டவர், அதை வெளியே எடுக்கவே இல்லை.

"மச்சான், வெதுவெதுன்னு இருக்குடா."

"கடல் அப்படித்தான் அத்தான் இருக்கும்."

"இருபத்தொன்பது டிகிரின்னு ஆயிரம் தடவை எழுதியிருக்கேன். இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா."

அப்புறம் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வீசினார், வீசியதில் பாதி மைத்துனன் மேலேயே விழுந்தது, மூக்குக் கண்ணாடி கழன்று கடலோடு போனது, போனால் போகட்டும் என்று வயிறு குலுங்கச் சிரித்தார், சிரிப்பின் நடுவே இன்னொரு முறை வாந்தி எடுத்தார், எடுத்துவிட்டு மறுபடியும் விட்ட இடத்திலிருந்து சிரித்தார். கடலில் விழுந்துவிடுவாரோ என்று மைத்துனன் பயந்துபோய் அவருடைய இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் திரையில் சிவப்புத் திட்டு. "இது விருந்துன்னு நினைச்சேன். போய்ப் பாத்தேன். சேறு. யாரும் அங்க போகாதீங்க" என்றார். இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கை தட்டினார்கள். சேறு செயற்கைக்கோளை எப்படி ஏமாற்றுகிறது என்பதுதான் இப்போது அவருடைய ஆராய்ச்சி. வாரம் ஒரு முறை கடலுக்குப் போகிறார், வாரம் ஒரு முறை வாந்தி எடுக்கிறார், மனைவியின் சமையலறை அலமாரியில் பாட்டில்களைத் தேதிவாரியாக அடுக்குகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று பக்கத்து அறையில் இருந்த மகளுக்கு 'சாப்பிட்டியா' என்று கைபேசியில் செய்தி அனுப்பிவிட்டு, இரண்டு நீலக் குறி விழுந்ததும் நிம்மதியாகத் தூங்கியது யார்? பச்சை சாராவது படகில் ஏறினார்.